ஆசிரியத் தகுதிக்குப் பின் ஆனர்ஸ்: கல்வியியல் சிறப்புப் பட்டம் எதைக் கேட்கிறது?

ஆசிரியர் பயிற்சியை முடித்து, பதிவும் பெற்று, சில ஆண்டுகள் வகுப்பெடுத்த ஒருவர் கல்வியியலில் ஆனர்ஸ் பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னால், சக ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் சம்பளம் உயருமா என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. கற்பிக்கும் உரிமை ஏற்கனவே கையில் இருக்கும்போது இந்தப் பட்டம் புதிதாக எதைத் தருகிறது? ஆய்வு செய்யும் பயிற்சியைத் தருகிறது என்பதே பதில். கல்வியியலின் ஒரு பகுதியை ஆழமாகப் படிப்பது, அத்துறையில் பிறர் செய்த ஆய்வுகளை எடைபோடுவது, தானே ஒரு சிறிய ஆய்வைத் திட்டமிட்டு நடத்தி எழுதுவது ஆகியவையே அதன் மையம். இதைப் புரிந்துகொள்ளாமல் சேர்பவர்கள், கற்பித்தல் உத்திகளின் அடுத்த தொகுப்பை எதிர்பார்த்து வந்து, முதல் பருவத்திலேயே ஆய்வு முறையியல் என்ற பாடத்தின் முன் திகைத்து நிற்கிறார்கள்.

ஆசிரியர் தொழிலில் இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று தொழில் தகுதிக்கானது: பயிற்சி, பதிவு, நியமனம், பதவி உயர்வு என்று ஏறுவது. மற்றொன்று கல்வித் தகுதிக்கானது: இளநிலை, ஆனர்ஸ், முதுநிலை, முனைவர் என்று ஏறுவது. சில நாடுகளில் இவை ஒரே படியில் சந்திக்கின்றன, சில நாடுகளில் முற்றிலும் விலகி நிற்கின்றன. ஆனர்ஸ் பட்டத்தைச் சுற்றி எழும் குழப்பத்தில் பெரும்பகுதி, ஓர் ஏணியின் படியை மற்றதன் படியாக எண்ணிக்கொள்வதால் வருவது.

இப்பிரிவு மிகத் தெளிவாகத் தெரியும் நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே பள்ளி ஆசிரியராவதற்கு 480 கிரெடிட் (படிப்புக்குத் தேவைப்படும் உழைப்பை அளக்கும் அலகு) கொண்ட நான்காண்டு பி.எட். படிக்கலாம், அல்லது வேறொரு பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சித் தகுதி ஒன்றைச் சேர்த்துப் பெறலாம். பி.எட். ஆனர்ஸ் என்பது அதற்கு மேலே, கல்வித் தகுதிகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிச் சட்டகத்தின் எட்டாம் நிலையில் இருக்கும் தனிப் பட்டமேற்படிப்பு. 120 கிரெடிட் கொண்ட இதில் குறைந்தது 30 கிரெடிட் ஆய்வு நடத்தி அறிக்கை எழுதுவதற்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று விதி சொல்கிறது. இதனால் யாரும் புதிதாக ஆசிரியராகிவிடுவதில்லை. அதே எட்டாம் நிலையில், அதே 120 கிரெடிட்டில், கல்வியியல் பட்டமேற்படிப்பு டிப்ளமோ என்ற இன்னொரு வழியும் உண்டு. அது தொழில் நிபுணத்துவத்தை ஆழப்படுத்துவதற்கானது, ஆனர்ஸ் ஆய்வு வழியில் மேலே போக விரும்புபவர்களுக்கானது. முதுநிலைக்கு இரண்டின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் முதுநிலையின் ஆய்வேட்டை எழுத உட்காரும்போது, ஏற்கனவே ஓர் ஆய்வறிக்கை எழுதிப் பழகியவருக்கும் பழகாதவருக்கும் இடையிலான தூரம் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே நெடுங்காலம் ஆசிரியர்கள் சான்றிதழ் மட்டுமே பெற்றுப் பள்ளிக்குச் சென்றார்கள். உயர்கல்வி குறித்து 1963-இல் வெளிவந்த ராபின்ஸ் குழுவின் அறிக்கை, பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு இணைந்து நான்காண்டு பி.எட். பட்டம் வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது, முதல் பி.எட். பட்டங்கள் 1968-இல் வழங்கப்பட்டன. அதன்பின் பட்டமில்லாத பணிமூத்த ஆசிரியர்கள், தங்களுக்குப் பின் வந்த இளையவர்கள் பட்டதாரிகளாக வந்து நிற்பதைக் கண்டு, பணியிலிருந்தபடியே பட்டம் தேடினார்கள். 1971-இல் பாடங்களைத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்தவர்களில் ஆசிரியர்களே பெருங்கூட்டமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்றோ அங்கே ஆசிரியராக நுழைபவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே ஆனர்ஸ் பட்டதாரிகள். ஆகவே அடுத்த படி முதுநிலைதான். ஒரு நாட்டில் பட்டமேற்படிப்பாக நிற்பது இன்னொரு நாட்டில் தொழிலின் நுழைவாயிலாகவே இருக்கிறது.

இலங்கையில் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டு பயின்று டிப்ளோமாவுடன் நியமனம் பெறும் ஆசிரியர்களுக்கு, கல்விமாணிப் பட்டம் (பி.எட்.) இயல்பான அடுத்த இலக்கு. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும், 1980-இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் ஐந்தாம் நிலையிலும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் (ஆனர்ஸ்) ஆறாம் நிலையிலும் இருக்கின்றன. மலேசியாவில் ஆசிரியர் கல்விக் கழகங்கள் வழங்கும் இளநிலைப் பட்டமே ஆனர்ஸ் பட்டம்தான். டிப்ளோமாவோடு பணியில் இருந்தவர்களைப் பட்டதாரிகளாக்கத் தனித் திட்டமும் நடந்தது. இந்தியாவில் பி.எட். என்பது ஒரு பட்டத்துக்குப் பின் படிக்கும் தொழிற்பட்டம். 2014-இன் விதிமுறைகள் அதை இரண்டாண்டாக்கின. எனவே பி.எட். முடித்தவருக்கு அடுத்த படி எம்.எட்.; இடையில் ஆனர்ஸ் என்று ஒன்றில்லை. புதிய நான்காண்டு இளநிலைக் கட்டமைப்பில், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் எடுக்கலாம் என்ற ஏற்பாடு, ஆனர்ஸ் என்பதை ஆய்வோடு சேர்த்துப் பார்க்கும் அதே எண்ணத்தின் இன்னொரு வடிவம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகளை ஒப்பிடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிரெடிட் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வீண். தென்னாப்பிரிக்க ஆனர்ஸ் 120 கிரெடிட்; இலங்கைச் சிறப்புப் பட்டமும் 120 கிரெடிட். ஆனால் முன்னதில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு, பின்னதில் 50 மணி நேர உழைப்பு. முன்னது ஏற்கனவே பட்டம் பெற்றவர் செய்யும் 1,200 மணி நேர வேலை. பின்னது முழுப் பட்டத்துக்கும் சேர்த்து 6,000 மணி நேரம். இங்கிலாந்தின் 360 கிரெடிட் ஆனர்ஸ், கிரெடிட்டுக்குப் 10 மணி நேரம் என்ற கணக்கில் 3,600 மணி நேரம் ஆகிறது. பெரிய எண்ணைக் கொண்ட பட்டம் பெரிய பட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. நிலை எது, நுழைவுத் தகுதி எது, ஆய்வுக்கு எவ்வளவு பங்கு என்ற மூன்றையும் பார்த்தால்தான் ஒன்றை மற்றொன்றோடு பொருத்த முடியும்.

அந்த 1,200 மணி நேரத்தை வாழ்க்கைக்குள் வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். பகுதி நேரமாக இரண்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 40 வாரம் என்று பிரித்தால் வாரத்துக்கு 15 மணி நேரம் வருகிறது. பாடக்குறிப்பும் விடைத்தாளும் கூட்டங்களும் போக மிஞ்சும் நேரத்தில் வாரம் 15 மணி என்பது பெரும்பாலான மாலைகளையும் வார இறுதியின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொள்ளும். இது சராசரிதான், படிப்பு ஒருபோதும் சராசரியாக வருவதில்லை. ஒப்படைப்புகள் குவியும் வாரமும் பள்ளித் தேர்வு வாரமும் ஒன்றாகவே வந்து சேர்வதை வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் அறிவார்கள்.

இனி ஆய்வுப் பகுதி. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஓர் ஆதங்கத்தோடு வருகிறார்கள்: கேள்வி கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்வதில்லை, முன்வரிசையில் இருக்கும் நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். ஆதங்கம் உண்மையானது, ஆனால் அது ஆய்வுக் கேள்வி அன்று. வழிகாட்டி உடனே திருப்பிக் கேட்பார்: எந்தப் பிள்ளைகள், எந்தப் பாடத்தில், எவ்வகைக் கேள்விக்கு? பதில் சொல்லவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மௌனமா, ஒற்றைச் சொல் பதிலா, தவறான பதிலா? ஆசிரியர் மனதில் ஒன்றாகத் திரண்டிருந்தது இப்படித் துண்டு துண்டாகப் பிரியும்போது சற்று எரிச்சல் வருவது இயல்பு. அந்த எரிச்சலைத் தாண்டி நூலகத்தின் தரவுத்தளத்தில் தேடினால், இதே ஆதங்கத்தை வேறொருவர் முன்பே அளந்து பார்த்திருப்பது தெரியவரும். அமெரிக்காவில் அறிவியல் கற்பித்தலை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை ஒலிப்பதிவுகளிலிருந்து கணக்கிட்டார். 1970-களில் வெளிவந்த அந்த ஆய்வுகளின்படி, சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது, மாணவர்கள் தாமே கேள்வி கேட்பதும் கூடியது.

இதைப் படித்த ஆசிரியர் இரண்டில் ஒன்றைச் செய்யக்கூடும். மறுநாளே வகுப்பில் மூன்று விநாடி காத்திருக்கத் தொடங்கலாம். அது நல்ல ஆசிரியரின் செயல். ஆனர்ஸ் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது இன்னும் ஒரு படி மேலே. அந்த ஆய்வு எந்த வயதினரிடம், எந்த மொழியில், எத்தகைய வகுப்பில் நடந்தது? ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில் மூன்று விநாடி மௌனம் நிலைக்குமா, இல்லை சலசலப்பு அதை நிரப்பிவிடுமா? வீட்டில் பேசும் மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாக இருக்கும் பிள்ளைக்கு அந்த விநாடிகள் சிந்திக்கப் போகின்றனவா, மொழிபெயர்க்கப் போகின்றனவா? இப்படிக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் “எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில், காரணம் கேட்கும் வினாக்களுக்குப் பின் ஆசிரியர் காத்திருக்கும் நேரத்துக்கும் மாணவர் பதிலின் நீளத்துக்கும் என்ன தொடர்பு தெரிகிறது?” என்ற அளவுக்குக் கேள்வி ஒடுங்கினால், ஆய்வில் பாதி முடிந்தது என்றே சொல்லலாம். ஆதங்கத்தின் பரப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய கேள்விதான். ஓராண்டில் ஒருவர் நேர்மையாகப் பதில் தேடக்கூடிய அளவு அவ்வளவுதான் என்பதை ஏற்றுக்கொள்வதே இப்பயிற்சியின் கடினமான பாடங்களில் ஒன்று.

வேலையின் நுணுக்கம் தரவில்தான் தெரியும். ஒரு பாடவேளையின் ஒலிப்பதிவை எழுத்தாக்குவதற்கு அதைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும். பலர் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பறைப் பதிவென்றால் இன்னும் கூடும். ஒரு வரியில் ஆசிரியரின் கேள்வி, அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் மௌனத்தின் விநாடிகள், அதற்கடுத்து யார் குரல் என்று தெளிவாகத் தெரியாத ஒரு பதில் என்று பக்கங்கள் நிறையும். தன் குரலையே இப்படி எழுத்தில் பார்க்கும் ஆசிரியர் பலருக்கும் புலப்படுவது, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாமே சொல்லிவிடும் பழக்கம். பார்வையாளர் எவரும் குறை சொல்லாமலேயே, எண்ணிப் பார்க்கக்கூடிய சான்றாக அது தாளில் வந்து நிற்கிறது.

இங்கே அனுபவம் உதவுகிறதா, இடையூறாகிறதா என்பது எளிதில் தீர்க்க முடியாத கேள்வி. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் சுட்டிக்காட்டியதுபோல, பள்ளி முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கற்பித்தல் பற்றிய நம் எண்ணங்களில் பல பயிற்சிக்கு முன்பே அங்கிருந்து வந்து படிந்தவை. அதற்கு மேல் தொழிலில் கழித்த ஆண்டுகளும் சேரும்போது, எது கண்டறிந்தது, எது பழகிப்போனது என்று பிரித்தறிவது கடினம். மறுபுறம், வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பல மாதம் உட்கார்ந்தாலும் காணாதவற்றை ஆசிரியர் ஒரே பார்வையில் காண்கிறார்: எந்தப் பிள்ளை தெரிந்தும் பேசாதிருக்கிறது, எந்த மௌனம் பயத்தால் வந்தது, எது பசியால் வந்தது என்று. பிரிட்டனின் கல்வியியலாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1970-களில், ஆசிரியர்களின் வேலையைப் பிறர் ஆராய்வது மட்டும் போதாது, ஆசிரியர்கள் தாமே அதை ஆராய வேண்டும் என்று வாதிட்டதன் அடிப்படை இதுதான். அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு, ஒரு நிபந்தனையுடன்: ஆசிரியருக்குத் தெரிந்தது எதுவும், தெரிந்தது என்ற காரணத்துக்காக மட்டும் சான்றாகிவிடாது. “என் அனுபவத்தில்” என்று தொடங்கும் வாக்கியங்களை முதல் வரைவிலிருந்து வழிகாட்டிகள் அடித்துவிடுவது அனுபவத்தை மதிக்காததால் அன்று. அந்த வாக்கியத்தை வேறொருவர் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதால்.

தன் வகுப்பையே ஆராய்வதில் நெறிமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பலர் இதை ஒரு படிவம் நிரப்பும் வேலையாக மட்டும் எண்ணித் தாமதப்படுகிறார்கள். மதிப்பெண் போடும் கையே ஒப்புதல் கடிதத்தையும் நீட்டினால், மாணவர் மறுக்க முடியுமா? பெற்றோர் கையெழுத்திட்டாலும் பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் என்ன செய்வது? ஐக்கிய நாடுகள் அவையின் 1989-ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் உடன்படிக்கை, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவையும் தனியே கேட்பதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. பங்கேற்காத மாணவருக்கு மதிப்பெண்ணிலோ கவனிப்பிலோ எதுவும் குறையாது என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள் என்று குழு கேட்கும். அதனால் சிலர் இணைவகுப்பு ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஆய்வு செய்கிறார்கள். சிலர் மதிப்பீடு முடிந்தபின், அதுவரை கண்ணில் படாமல் உறையில் மூடிவைக்கப்பட்ட ஒப்புதல் படிவங்களைத் திறக்கிறார்கள். இன்னும் சிலர் மாணவர்களை விட்டுவிட்டுச் சக ஆசிரியர்களை நேர்காணுகிறார்கள். அங்கேயும் தலைமையாசிரியருக்கு எதிரான கருத்தொன்றைச் சொன்ன ஆசிரியரை, சிறிய பள்ளியில் பெயரை மாற்றினால் மட்டும் மறைத்துவிட முடியாது. இயற்பியல் ஆசிரியர் ஒருவர்தான் அந்தப் பள்ளியில் இருக்கிறார் என்றால், “ஓர் இயற்பியல் ஆசிரியர்” என்று எழுதுவதே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாசிப்பிலும் எழுத்திலும் வரும் சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் கற்பித்து வந்தவருக்கு முதல் சில மாதங்கள் கருத்தைவிடக் கலைச்சொல்லே பெரிய தடையாக இருக்கும். மேற்கோள் காட்டும் முறையை முதல் நாளிலிருந்தே பழகாதவர்கள், தெரியாமலேயே கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டில் மாட்டிக்கொள்ள நேரலாம். முன்னாய்வுகளைத் தொகுப்பது என்றால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பத்தி எழுதி அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வாளர் தேடுவது அதை அன்று. இந்த ஆய்வுகள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன, அந்த இடைவெளியில் உங்கள் கேள்வி எங்கே நிற்கிறது என்பதைத்தான்.

சம்பளக் கேள்விக்குத் திரும்பினால், பொதுவான பதில் கிடையாது. கூடுதல் பட்டத்துக்கு ஊதிய உயர்வு உண்டா, பணித்தர உயர்வு உண்டா, ஒருமுறைத் தொகை மட்டுமா, ஒன்றுமே இல்லையா என்பதை அந்தந்த நாட்டின் ஆசிரியர் சேவை விதிகளே தீர்மானிக்கின்றன. அவை காலத்துக்குக் காலம் மாறவும் செய்கின்றன. சேர்வதற்கு முன், குறிப்பிட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட அந்தப் பட்டத்தை உங்கள் சேவை ஏற்கிறதா என்று எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொலைநிலைப் படிப்பென்றால் இது இன்னும் அவசியம். பட்டம் முற்றிலும் செல்லுபடியாகும் ஒன்றாக இருந்தும், அதை உள்நாட்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்கும் சமநிலைச் சான்றிதழ் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுபடுவது உண்டு. தரவகுப்பையும் கவனிக்க வேண்டும்: ஆனர்ஸ் பட்டத்தில் பெறும் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேல்நிலை, பின்னாளில் ஆய்வுப் பட்டத்துக்கான அனுமதியையும் உதவித்தொகையையும் தீர்மானிக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் முனைவர் ஆய்வுக்கான வழக்கமான வாயில்களில் ஒன்று நல்ல வகுப்பில் தேறிய ஆனர்ஸ்.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், பாடத்திட்டம் எழுதும் பணிக்கோ ஆசிரியர் பயிற்றுநர் பணிக்கோ செல்ல நினைப்பவர்களுக்கும், முதுநிலை ஆய்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், தம் வகுப்பறையில் உள்ள ஒரு புதிரை விடாமல் துரத்த விரும்புபவர்களுக்கும் என்பேன். பள்ளி நிர்வாகத்தையோ சிறப்புத் தேவைக் கல்வியின் செய்முறைகளையோ கற்றுக்கொண்டு உடனே பயன்படுத்த வேண்டும் என்பவர்களுக்குத் தொழில்முறை டிப்ளமோ பெரும்பாலும் பொருத்தமானது. அதைத் தேர்ந்தெடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

சேர முடிவு செய்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. ஆய்வு முன்மொழிவு, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, கல்வித் திணைக்களத்தின் அனுமதி, தலைமையாசிரியரின் இசைவு, பெற்றோர் ஒப்புதல் என்று ஐந்து வாயில்களையும் கடந்த பின்பே முதல் ஒலிப்பதிவைச் செய்ய முடியும். அவற்றில் எதையும் பின்தேதியிட்டுப் பெற முடியாது. பள்ளிகளில் தேர்வுப் பருவத்தில் ஆய்வு அனுமதிப்பது அரிது, விடுமுறையில் வகுப்பே இல்லை. ஆகவே தரவு திரட்ட உண்மையில் கிடைப்பது ஆண்டில் சில மாதங்கள்தான். அந்த மாதங்கள் எவை என்று முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி முன்மொழிவை எந்த வாரத்தில் சமர்ப்பிப்பது என்று முடிவு செய்தால், அனுமதிக் கடிதம் வந்து சேரும்போது எதிரே வகுப்பும் இருக்கும்.